பன்னிரண்டு பத்து வண்டியைத் தவறவிட்டது பற்றி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் கைக்குழந்தையும் சுகமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் முந்தாநாள் போனில் நீ போட்ட சத்தத்திலேயே உன் தொண்டையும் நெஞ்சும் திடமாக இருப்பது தெரிந்துவிட்டதால், கேட்டதாக வைத்துக்கொள். உன் தம்பி போனை எப்போதும் ஸ்பீக்கரில்தான் போடுகிறான். அதனால் நீ என்னைத் திட்டியதை நான் மட்டும் கேட்கவில்லை. மருமகள் கேட்டாள், பேத்தி கேட்டாள், குழாய் ரிப்பேருக்கு வந்தவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். போகும்போது அவர், "பொண்ணா? எங்க வீட்லயும் இப்படித்தாங்க" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். ஆகவே பதிலைக் கடிதமாக எழுதுகிறேன். கடிதத்துக்கு ஸ்பீக்கர் கிடையாது.

உன் கேள்வி நியாயமானது. பன்னிரண்டு பத்து வண்டியில் ஏறி மூன்றேகாலுக்கு வந்து இறங்க வேண்டிய அம்மா, ஏன் ராத்திரி ஏழரைக்கு வந்து இறங்கினாள்? அரை நாள் லீவு போட்டுவிட்டு நீ நாலு மணி நேரம் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்திருக்கிறாய். கோபம் வராமல் என்ன செய்யும்? மாதத்தின் முதல் ஞாயிறன்று நான் வந்து அம்மாவைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று முதலில் ஏற்பாடு. இப்போது நீயும் தம்பியும் பேசி, ஒரு ஸ்டேஷனிலிருந்து இன்னொரு ஸ்டேஷனுக்கு மாறத் தெரியாத மனுஷனைத் தனியாக அனுப்ப முடியாது, யாருக்காவது ஒழிந்தபோது கூட்டி வரலாம் என்று முடிவு செய்திருக்கிறீர்கள். நடந்ததைப் படித்தால் அந்த முடிவு சரி என்று உனக்கே உறுதிப்பட்டுவிடும். நானும் மறுத்துப் பேசப் போவதில்லை.

நாங்கள் பிரிந்து இருப்பதில் யாரையும் குறை சொல்லவில்லை, அம்மாடி. குடியிருந்த வீட்டை வீட்டுக்காரர் விற்றதற்கு நீங்கள் என்ன செய்வீர்கள். உன் வீட்டில் ஒரு கட்டில் போட இடம். தம்பி வீட்டில் ஒரு கட்டில் போட இடம். உனக்குக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், அவனுக்குப் பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விட ஆள் வேண்டும். "ஆறு மாசம்தானேப்பா" என்று நீ சொன்னபோது, அம்மா வாயைத் திறப்பதற்குள் நான் "அதுக்கென்ன, தாராளமா" என்று சொல்லிவிட்டேன். எப்போதுமே எனக்கு வாய் முந்தும்.

சரி, கதைக்கு வருகிறேன். காலை ஒன்பது நாற்பதுக்கு வடக்கு நிலையத்தில் இறங்கினோம். அங்கிருந்து சுரங்க ரயிலில் நாலு நிறுத்தம், நடுச் சந்திப்பில் இறங்கி வட்டப் பாதை ரயிலில் மூன்று நிறுத்தம், தெற்கு நிலையம். அங்கே அம்மாவை உன் ஊர் வண்டியில் ஏற்றிவிட்டு, நான் அதே வழியாக வடக்கு நிலையத்துக்குத் திரும்பி, ஆறு மணிக்குத் தம்பி ஊர் வண்டி. நீதான் இதையெல்லாம் கலர் பென்சிலில் கோடு போட்டு அனுப்பியிருந்தாயே. இரண்டு பைகள், ஒரு சுருட்டிய படுக்கை, அம்மாவின் தையல் மிஷின் தலை. அதை எதற்கு என்று கேட்டேன். "நான் எதுக்கு அங்க போறேன்னு கேளுங்க, அப்புறம் மிஷினைக் கேக்கலாம்" என்றாள். நான் இரண்டையும் கேட்கவில்லை. நகரும் படிக்கட்டில் அவள் முன்னால் நின்று மிஷினைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள், நான் பின்னால் நின்று அவளைப் பிடித்துக்கொண்டேன், எனக்குப் பின்னால் ஒரு நகரமே நின்று எங்களைத் திட்டியது.

கீழே ரயில் வந்தது. கதவு திறந்தது. இங்கேதான் உன் அப்பனின் முப்பத்தோரு வருஷ சர்வீஸ் கழுத்தை அறுத்தது. பஸ் கண்டக்டர் எப்போது ஏறுவான்? எல்லோரும் ஏறிய பிறகு. கை தானாகவே நீண்டுவிட்டது. அம்மாவை ஏற்றினேன், பைகளை ஏற்றினேன், மிஷினை ஏற்றினேன். குழந்தை வண்டியோடு வந்த ஒருத்தியை ஏற்றினேன், ஏணியோடு வந்த பெயின்டரைப் பக்கவாட்டில் திருப்பி ஏற்றினேன். "உள்ள போங்க, உள்ள நிறைய இடம் இருக்கு" என்று சொன்னதாகவும் ஞாபகம். கடைசியில் யாராவது ஓடி வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். ஊன்றுகோலோடு ஒரு பெரியவர் வந்துகொண்டிருந்தார். அவருக்காக வண்டியை நிறுத்தலாம் என்று கையைத் தூக்கினேன். கதவு மூடிக்கொண்டது. அம்மா உள்ளே, நான் வெளியே.

பதற்றத்தில் ரயிலின் பக்கத்தில் ஓங்கித் தட்டினேன், இரண்டு தட்டு. எங்கள் தொழிலில் ஒரு தட்டு என்றால் நில், இரண்டு தட்டு என்றால் போ. இது உனக்கும் தெரியும், சின்ன வயதில் கட்டிலைத் தட்டித்தான் நீ விளையாடுவாய். ரயில் போய்விட்டது. ரயிலுக்கு அந்தப் பாஷை தெரியாது, அது தன் பாட்டுக்குத்தான் போனது என்று புத்திக்குத் தெரிகிறது. ஆனால் என் கையால் நானே அனுப்பி வைத்த மாதிரிதான் இருந்தது.

கண்ணாடிக்குள்ளிருந்து அம்மா கையைக் காட்டினாள். அடுத்த நிறுத்தத்துக்கு வா என்கிறாள் என்று நினைத்து அடுத்த ரயிலில் ஏறினேன். அவள் சொன்னது, அங்கேயே நில்லுங்கள், நான் வருகிறேன் என்று. நான் போய் இறங்கியபோது எதிர்ப் பக்க ரயிலில் அவள் திரும்பிக்கொண்டிருந்தாள். நான் திரும்பினேன், அவள் என்னைக் காணோமென்று மறுபடி முன்னால் வந்தாள். கடைசியில் நிலையத்து அறையில் இருந்த பெண்ணிடம் போய் நின்றேன்.

"என்ன கலர் உடுத்தியிருக்காங்க?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

காலையிலிருந்து பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தவளின் உடுப்பு என்ன நிறம் என்று எனக்குத் தெரியவில்லை. "அறுபத்து நாலு வயசு. குட்டை. கோவம் வந்தா கொஞ்சம் நெட்டை" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "ஐயா, ரெண்டு பேரும் தேடுனா ரெண்டு பேருமே கிடைக்க மாட்டீங்க. ஒருத்தர் நில்லுங்க, ஒருத்தர் வாங்க. மைக்ல என்னன்னு கூப்பிடட்டும்?"

"பெரியவளோட அம்மான்னு கூப்பிடுங்க. திரும்பிப் பாப்பா."

அப்படியே கூப்பிட்டாள். பெரியவளின் அம்மா நின்ற இடத்திலேயே நிற்கவும் என்று எல்லா நிறுத்தத்திலும் ஒலித்தது. என் பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் திடுக்கிட்டுப் பார்த்தார்கள். உன் அம்மா நின்றாள். நான் போனபோது அடுத்த நிறுத்தத்துப் பெஞ்சில், மிஷினை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"ரெண்டு தட்டு தட்டுனீங்க. பாத்தேன்" என்றாள்.

"கை தவறிப் போச்சு."

"முப்பத்தோரு வருஷமா தவறாத கை" என்றாள். மிஷினைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடுச் சந்திப்புக்குப் போகும் ரயிலில் ஏறினாள்.

அங்கே வட்டப் பாதையில் அவசரத்தில் எதிர்ப் பக்கத்து ரயிலில் ஏற்றிவிட்டேன். மூன்று நிறுத்தத்தில் வர வேண்டியது பத்தொன்பது நிறுத்தமாகிவிட்டது. சரி, வட்டம்தானே, எப்படியும் வந்துவிடும் என்று உட்கார்ந்தோம். குளிர்ந்த காற்று, இருட்டு, ஒரே ஆட்டம், இரண்டு பேரும் தூங்கிவிட்டோம். கண் விழித்தபோது தெற்கு நிலையம் பின்னால் போய்விட்டது, பன்னிரண்டு பத்தும் அதோடு போய்விட்டது. அடுத்த சுற்றில், மூட்டைகளோடு எழுந்து கதவுக்குப் போவதற்குள் கூட்டம் உள்ளே தள்ளிவிட்டது. மூன்றாவது சுற்றில்தான் இறங்கினோம். அதற்கப்புறம் நாலு இருபது வண்டி. இந்தத் தடவை நானே முதலில் ஏறினேன். இடம் பிடித்து, மிஷினை அவள் காலடியில் வைத்து, தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுத்து நின்றேன். "இறங்குங்க, வண்டி எடுத்துடுவான்" என்று அவள்தான் என்னை இறக்கிவிட்டாள். ஜன்னல் அந்தப் பக்கமாக இருந்ததால் போகும்போது பார்க்க முடியவில்லை.

இவ்வளவுதான் நடந்தது. இப்படிப்பட்ட ஒருவனைத் தனியாக வெளியே விடக் கூடாது என்பதில் எனக்கே சந்தேகமில்லை. முதல் ஞாயிறு வேண்டாம். உங்களுக்கு எப்போது ஒழிகிறதோ அப்போது பார்த்துக்கொள்வோம். அம்மாவுக்கு முழங்கால் வலி வந்தால் சொல்ல மாட்டாள். தரையில் உட்காராமல் நாற்காலியில் உட்கார்ந்தால் வலி வந்திருக்கிறது என்று தெரிந்துகொள். குழந்தைக்கு என் முத்தம். மாப்பிள்ளைக்கு என் மரியாதை. நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, யாரையும் திட்ட வேண்டிய அவசியமே வராமல் நூறு வருஷம் நிறைவாக இரு.

இப்படிக்கு,
உன் அப்பா

பின்குறிப்பு: உறையில் போட்டுவிட்டு, இரண்டு நாள் கழித்து மறுபடி பிரித்து இதை எழுதுகிறேன். இதை மட்டும் படித்துவிட்டுக் கிழித்துவிடு.

கதவு மூடியது நிஜம். இரண்டு தட்டு நிஜம். மைக்கில் கூப்பிட்டதும் நிஜம். வட்டப் பாதையைப் பற்றி எழுதியதுதான் பூராவும் பொய். நாங்கள் தூங்கவே இல்லை. எந்தக் கூட்டமும் எங்களைத் தள்ளவில்லை. நடுச் சந்திப்பில் சரியான பக்கத்து ரயில் முதலில் வந்தது. நான் பையைத் தூக்கினேன். அம்மா தூக்கவில்லை. "அந்தப் பக்கத்து ரயிலும் அங்கதானே போகுது" என்றாள். "சுத்திக்கிட்டுப் போகும்" என்றேன். "போகட்டுமே" என்றாள். பன்னிரண்டு மூன்றுக்குத் தெற்கு நிலையத்தில் கதவு திறந்தது. ஓடினால் வண்டியைப் பிடித்திருக்கலாம். அவள் எழுந்திருக்கவில்லை, நானும் எழுந்திருக்கவில்லை. அடுத்த சுற்றில் கதவு திறந்தபோது அவள் என் கையைப் பிடித்திருந்தாள். எங்களுக்குக் கல்யாணமாகி நாற்பது வருஷம், பொது இடத்தில் அவள் என் கையைப் பிடித்தது அன்றைக்குத்தான். பேசியது அதிகமில்லை. கேஸ் ரெகுலேட்டரை யாரிடம் கொடுத்தோம், தம்பி வீட்டில் என் கட்டில் ஜன்னல் பக்கமா, இந்த மாதிரிதான். ஒரு டிக்கெட்டில் மூன்று சுற்று. என் பஸ்ஸில் எவனாவது இப்படி உட்கார்ந்திருந்தால் சட்டையைப் பிடித்து இறக்கியிருப்பேன்.

எனக்கு வழி தெரியும், அம்மாடி. அவளை ஏற்றிவிட்டு நான் தனியாகத் தெற்கிலிருந்து வடக்குக்கு இருபத்தாறு நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தேன். வட்டப் பாதையின் இருபத்திரண்டு நிறுத்தத்தையும் வரிசையாகச் சொல்வேன், மூன்று தடவை பார்த்திருக்கிறேன். முதல் ஞாயிறு என்னை வர விடு. இதற்குப் பிறகும் வேண்டாம் என்று தோன்றினால் நேராக என்னிடம் சொல், ஸ்பீக்கரில் என்றாலும் பரவாயில்லை. அம்மாவிடம் மட்டும், வழி தெரியாது என்பதால்தான் அப்பா வரவில்லை என்று சொல்லிவிடாதே. எனக்கு வழி தெரியும் என்று அவளுக்குத் தெரியும். வர மனசில்லை என்று நினைத்துக்கொள்வாள்.