கிரகணமும் ரெண்டு கத்தரிக்காயும்

கோவில்பட்டியில் பலசரக்குக் கடை வைத்திருந்த லிங்கராஜ் அண்ணாச்சிக்கு வாய்தான் எதிரி. தொண்ணூத்தஞ்சில் தீபாவளிக்கு மறுநாள் காலையில் சூரிய கிரகணம் என்றதும், அறிவியல் மன்றக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்துவிட்டார்.

"கிரகணம்னா வெறும் நிழலுய்யா! எம் மக பொன்மணி மாசமா இருக்கா. தலைதீபாவளிக்கு வாரா. அன்னைக்கு வாசல்ல உக்காந்து கத்தரிக்கா நறுக்குவா. எல்லாரும் வந்து பாருங்க!"

மாசமான பொம்பளை கிரகணத்தில் வெளியே வந்து எதையாவது நறுக்கினால், பிள்ளைக்கு உதடு பிளந்திருக்கும் என்பது ஊர் நம்பிக்கை. கைதட்டலில் கொட்டகையே அதிர்ந்தது.

அண்ணாச்சியின் கணக்கு வேறு. பெண்டாட்டி பத்திரகாளி எப்படியும் குறுக்கே விழுவாள். இவர் கத்துவார், அவள் அழுவாள். "பொம்பளைக பயப்படுதாக, என்ன செய்ய?" என்று ஊருக்குச் சொல்லிவிட்டுக் கௌரவமாகப் பின்வாங்கலாம். பின்னே, தலைப்பேரன் விஷயத்தில் எவனாவது விளையாடுவானா?

பத்திரகாளியோ முறுக்கு பிழிந்தபடியே, "அதுக்கென்ன, நறுக்கட்டும்" என்றுவிட்டாள்.

"ஏட்டி, வெளங்கித்தான் பேசுதியா? கிரகணம்!"

"வெறும் நிழலுன்னு நீங்கதான சொன்னீங்க?"

அண்ணாச்சிக்குச் சோறு இறங்கவில்லை. மன்றத்தில் கொடுத்த கிரகணப் புத்தகத்தைப் புரட்டினார். ஒன்றும் ஆகாது என்றுதான் போட்டிருந்தது. ஆனால் அதை எழுதினவருக்கு மாசமான மகள் உண்டா என்று போடவில்லையே!

கிரகணத்தன்று விடியுமுன்னே மன்றத்து ஆட்களைக் கூட்டிவரப் போனார். திரும்பி வந்தால், வாசலில் பலகை, அரிவாள்மணை, ரெண்டு கத்தரிக்காய் எல்லாம் தயார். தெருவே கூடி நின்றது. தீபாவளிக்கு மாப்பிள்ளையோடு வந்திருந்த மகளின் அறைக்கதவு சாத்தியிருந்தது.

"எங்கட்டி பிள்ள?"

"சத்தம் போடாதீங்க. இத்தன பேரு முன்னால வரணும்னா சேல மாத்த வேண்டாமா?"

வெயில் மங்கத் தொடங்கியது. அண்ணாச்சி ஓடிப்போய் அறைக்கதவின் குறுக்கே கையை விரித்து நின்றுகொண்டார்.

"வேண்டாம்ட்டி! வெளிய விடாத!"

"ஊருக்கு என்ன பதிலு?"

"ஒனக்குப் பயம்னு சொல்லிருதேன்."

"எனக்கென்ன பயம்? ஏட்டி பொன்மணீ..."

"ஐயோ, கூப்பிடாத! எனக்குத்தான் பயமா இருக்கு, தாயி!"

"அத அங்கன போய்ச் சொல்லுங்க."

போனார். சொன்னார். "ஒண்ணும் ஆகாதுன்னு அறிவியல் சொல்லுது. இருந்தாலும் எனக்குப் பயமா இருக்கு. எம் மகள விடமாட்டேன்."

ஊர் சிரிக்கப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டார். மன்றத் தலைவர் சாமித்துரைதான் முதலில் பெருமூச்சு விட்டார். "நல்லவேள அண்ணாச்சி! எனக்கு ரெண்டு நாளா உறக்கமில்ல. மாசமா இருக்க எம் மருமகள உள்ள வச்சுப் பூட்டிட்டுத்தான் நானே வந்திருக்கேன்."

அண்ணாச்சிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கிரகணம் விடும்வரை அறை வாசலிலேயே காவல் இருந்தார். சூரியன் முழுசாகத் தெரிந்து கால் மணி நேரம் ஆனதும், "வாம்மா பொன்மணி" என்று ஆசையாகக் கதவைத் தள்ளினார். உள்ளே ஈ காக்கா இல்லை.

"நீங்க அங்கிட்டுப் போனதும் முத பஸ்லயே மாப்பிள்ளையோட கழுகுமலைக்கு அனுப்பிட்டேன். மாமியா வீட்டுக்குள்ள பத்திரமா படுத்திருப்பா" என்றாள் பத்திரகாளி, கிரகணம் விட்டுத் தலைக்கு ஊற்றிக்கொண்ட கூந்தலைத் துவட்டியபடி.

"அடிப்பாவி! அப்ப இவ்வளவு நேரமும் நான் காலி ரூமுக்கா காவல் இருந்தேன்?"

"அறிவியல் தெரிஞ்ச மனுசன்... ஒரு தடவ கதவத் தொறந்து பாத்திருக்கலாம்லா?"