பாதுகாவலருக்கு ஒரு டம்ளர் தண்ணீர்

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய அத்தானுக்கு,

உங்கள் மைத்துனன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும், என்னை நம்பி நீங்கள் ஒப்படைத்த உங்கள் மகளும் உடலளவில் நலம். அங்கே நீங்களும் அக்காவும் உங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். போனில் சொன்னால் நடுவில் பேசுவீர்கள். கடிதத்தில் உங்களுக்கு அந்த வசதி கிடையாது. அக்காவுக்கு வாசித்துக் காட்டும்போது நடுவில் கொஞ்சம் விட்டுவிட்டு வாசிக்கவும். எங்கே விடவேண்டும் என்பது அந்த இடம் வந்ததும் உங்களுக்கே தெரிந்துவிடும்.

"பாப்பா குரலே சரியில்ல, படிப்பு வேணாங்கறா. மாசக் கடைசில வண்டி எடுத்துட்டு வந்து கூட்டிட்டுப் போறேன், கடைல உக்காரட்டும்" என்று அன்றைக்குச் சொன்னீர்கள். நான் வாயெடுப்பதற்குள் போனை வைத்தும் விட்டீர்கள். அத்தான், தயவுசெய்து வரவேண்டாம். வந்தே தீருவீர்கள் என்றால் வண்டி இல்லாமல் வாருங்கள். உங்கள் மகள் இன்று என் நேரடிக் கண்காணிப்பில் இருக்கிறாள். நான் யார் என்பதை உங்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை, ஆனாலும் நினைவூட்டுகிறேன்: இந்த அரசுப் பல்கலைக்கழகத்தின் மாணவர் வெற்றி மையத்துக்கு நான்தான் இயக்குநர். இளங்கலை முதலாண்டில் சேரும் பிள்ளைகள் பாதியில் நின்றுவிடாமல் அவர்களைக் கரையேற்றுவதற்கென்றே ஏற்படுத்திய மையம் அது. குளிர்சாதன அறை, வட்ட மேசை, மெத்தை நாற்காலிகள், சுவர் நிறைய உற்சாக வாசகங்கள் எல்லாம் உண்டு. துணைவேந்தர் பார்வையிட வரும்வரை எதுவும் அழுக்காகிவிடக் கூடாது என்பதால் நாற்காலிகளின் பாலித்தீன் உறையை இன்னும் பிரிக்கவில்லை. மாணவர்களும் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கிய பிறகுதான் உள்ளே வரலாம். எங்கே எழுதிக் கொடுப்பது என்றால், உள்ளே வந்துதான் கொடுக்கவேண்டும். இந்தச் சிறு சிக்கலால் வருகை கொஞ்சம் மந்தமாக இருக்கிறதே தவிர, மற்றபடி மையம் மிகச் சிறப்பாகச் செயல்படுகிறது.

எனக்குத் தொல்லையாக இருந்தது ஒன்றே ஒன்று. மையம் மாடியில் இருக்கிறது. அதற்கு ஏறிவரும் படிக்கட்டில் தினமும் மத்தியானம் ஒரு கும்பல் உட்கார்ந்து சளசளவென்று பேசிக்கொண்டிருக்கும். அதற்குத் தலைவி, சட்டைப்பையில் எந்நேரமும் சாக்பீஸ் வைத்திருக்கும் மூன்றாமாண்டுப் பெண் ஒருத்தி. பிள்ளைகள் அவளைக் கூப்பிடுவதே சாக்பீஸ் என்றுதான். படிக்கட்டு முழுக்கக் கணக்கு எழுதி வைப்பாள்; ஒவ்வொரு படியாக ஏறிப் பார்த்தால் மேல் படியில் விடை இருக்கும். வெற்றி மையத்துக்கு வர நினைக்கும் மாணவருக்கு இது எவ்வளவு இடைஞ்சல்! (அப்படி யாரும் வர நினைக்கவில்லை என்பது வேறு விஷயம்.) 'படிக்கட்டில் அமரக்கூடாது. வெற்றிக்கு வழிவிடவும்' என்று ஒரு பலகை எழுதி மாட்டி, காவலாளியையும் நிறுத்தினேன். ஒரே வாரத்தில் படிக்கட்டு சுத்தம். அன்று எனக்கு இருந்த பெருமிதத்தை இப்போது நினைத்தால், அத்தான், எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். முன்னெச்சரிக்கைத் திட்டம் என்று ஒன்றை நானே உட்கார்ந்து வகுத்தேன். தொடர்ந்து வகுப்புக்கு வராத மாணவரின் பாதுகாவலருக்குப் போன் செய்து கனிவாகப் பேசவேண்டும். என்ன பேசவேண்டும், அவர் கத்தினால் என்ன செய்யவேண்டும் என்பதையெல்லாம் ஒரு வார்த்தை விடாமல் எழுதி என் உதவியாளரிடம் கொடுத்திருந்தேன். அந்த அம்மாள் இதற்கு முன் நூலகத்தில் அபராதம் வசூலித்துக்கொண்டிருந்தவர். எழுதிக் கொடுத்ததை அப்படியே செய்வார், கூடவும் செய்யமாட்டார், குறைக்கவும் மாட்டார். போன திங்கட்கிழமை, துணைவேந்தரை வரவேற்கும் உரையை எழுதிக்கொண்டிருந்தபோது என் கைப்பேசி அடித்தது. எடுத்தால் ஒரே குரல் போனிலும் கேட்கிறது, மரத் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் கேட்கிறது.

"வணக்கம். மாணவர் வெற்றி மையத்துல இருந்து அன்போட பேசறோம். நீங்க மாணவியோட பாதுகாவலர்தானே?"

"அம்மா, நான்தாம்மா பேசறேன்."

"அது தெரியுது சார். பாதுகாவலரா இல்லையான்னு சொல்லுங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது: பாப்பாவைச் சேர்த்தபோது இந்த ஊரில் அவளுக்குப் பாதுகாவலர் என்று கையெழுத்துப் போட்டவன் நான். "உங்க மாணவி கொஞ்ச நாளா வகுப்புக்கே வர்றதில்ல. பதற்றப்படாதீங்க. இதுல உங்க தப்பு எதுவும் இல்ல," என்று வாசித்த அந்த அம்மாள் சற்று நிறுத்தி, "அப்படின்னு எழுதியிருக்கு சார்," என்றார். எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ தெரியாது. "எங்க வீட்டுப் பொண்ணா? எங்க வீட்ல அந்தப் பழக்கமே கிடையாது! நல்லாப் பாத்தீங்களா? தினம் காலைல பையை மாட்டிட்டு என்கூடத்தான் கிளம்பறா!" என்று கத்தினேன். இப்படிக் கத்துகிறவர்களை என் குறிப்பில் 'இரண்டாம் வகைப் பாதுகாவலர், சிறிது அறியாமை உடையவர்' என்று நானே எழுதியிருக்கிறேன். போன் துண்டிக்கப்பட்டது. மரத் தடுப்பைச் சுற்றிக்கொண்டு அந்த அம்மாள் ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்தார்.

"சத்தம் போட்டா தண்ணி குடுக்கணும்னு போட்டிருக்கீங்க."

"எனக்கு ஒண்ணும் வேணாம்."

"வேணாம்னா மேசைமேல வெச்சிட்டுச் சிரிக்கணும் சார்."

வைத்தார். சிரித்தார். நூலகக் காலத்திலிருந்து அவரைத் தெரியும் எனக்கு. அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன், இனி பார்க்கவும் விரும்பவில்லை.

மறுநாள் நேர்முகச் சந்திப்பு. பாதுகாவலர் மேசைக்கு எதிர்ப்பக்கம்தான் உட்காரவேண்டுமாம். அதுவும் நான் எழுதியதுதான். என் இருக்கையில் அந்த அம்மாள், எதிரே நானும் பாப்பாவும். நான் கொஞ்சம் அசைந்தாலும் பாலித்தீன் உறை சரக் சரக்கென்று சத்தம் போட்டது. ஏதோ கண்டிப்பாகச் சொல்ல நிமிர்ந்தேன், சரக். தொண்டையைச் செருமினேன், சரக். அழுது வீங்கிய முகத்தோடு உட்கார்ந்திருந்த பெண் களுக்கென்று சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு மடமடவென்று எல்லாவற்றையும் கொட்டினாள். புள்ளியியல் வகுப்பு ஆரம்பத்திலிருந்தே ஒன்றுமே புரியவில்லையாம். வகுப்பில் சந்தேகம் கேட்டால் பேராசிரியர், "வெற்றி மையமே உங்க வீட்லதானே இருக்கு, மாமாவைக் கேளு" என்கிறாராம், வகுப்பே சிரிக்கிறதாம். சரியென்று என்னைக் கேட்டிருக்கிறாள்.

"என்கிட்ட எப்போம்மா கேட்ட?"

"கேட்டேன் மாமா. நீங்க உங்க போட்டோ போட்ட புத்தகம் ஒண்ணு குடுத்தீங்க. நம்பிக்கையோட இருன்னு போட்டிருந்துச்சு. நான் நம்பிக்கையோடதான் இருந்தேன், கணக்குதான் வரல."

"அப்புறம்?"

"அப்புறம் சாக்பீஸ் அக்காகிட்ட போய் உக்காந்தேன். அங்க நல்லாப் புரிஞ்சுது மாமா. எத்தனை தடவை கேட்டாலும் சிரிக்க மாட்டாங்க. அப்புறம் நீங்க போர்டு மாட்டிட்டீங்க."

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த உற்சாக வாசகங்களைப் பார்த்தேன். கும்பல் கலைந்த பிறகு வந்த வகுப்புத் தேர்வில் வெற்றுத்தாளைக் கொடுத்திருக்கிறாள். அந்த வெட்கத்தில் வகுப்புக்குப் போக முடியாமல், காலையில் என்னோடு இறங்கி, நான் மாடிக்குப் போனதும் வெளியே போய் பஸ் ஏறி, கடைசி நிறுத்தம் வரைக்கும் போய் அதே பஸ்ஸில் திரும்பி வருவாளாம். சாயங்காலம் வரை அதுவே வேலை. கண்டக்டர் பாவம் பார்த்து ஜன்னல் ஓரத்தில் இடம் பிடித்து வைப்பாராம். "நான் மக்கு மாமா. அப்பா கடையிலயே இருந்துக்கறேன்" என்று முடித்தாள். அத்தான், நம் வீட்டுக் குழந்தை என் கண்ணெதிரே இப்படி அலைந்திருக்கிறாள். நானோ மாடியில் உட்கார்ந்து, பிள்ளைகள் ஏன் படிப்பை விடுகிறார்கள் என்று கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். அந்த டம்ளர் தண்ணீரை அப்போது கேட்டு வாங்கிக் குடித்தேன்.

இனி எல்லாம் நல்ல செய்திதான். உடனே ஸ்க்ரூடிரைவர் வாங்கி வரச்சொல்லி அந்தப் பலகையை நானே கழற்றினேன். சாக்பீஸைத் தேடிக்கொண்டு புல்தரைப் பக்கம் போனால், அபராதம் போட வருகிறேன் என்று நினைத்து அந்தப் பெண் ஓட்டம் பிடித்தாள். நானும் "ஓடாதம்மா, வந்து உக்காரும்மா!" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். காவலாளி விரட்டி வந்து பிடித்தது என்னைத்தான். அடையாள அட்டையைக் காட்டிய பிறகும் ஒரு மாதிரியாகவே பார்த்தார். எப்படியோ கும்பல் திரும்பி வந்துவிட்டது, பாப்பாவும் மூன்றாவது படியில் உட்கார்ந்துவிட்டாள். அவர்களுக்கு இடைஞ்சல் வேண்டாம் என்று நான் இப்போது கட்டிடத்தின் பின்பக்கமாக ஏறி இறங்குகிறேன், முழங்கால்தான் முனகுகிறது. பேராசிரியரிடமும் பேசிவிட்டேன், மறுதேர்வு வைக்கிறார். ஆகவே, அத்தான், என் மேற்பார்வை மேல் நம்பிக்கை வைத்து, மறுதேர்வு முடியும்வரையாவது அவளை இங்கே விட்டுவையுங்கள். அவள் மக்கு இல்லை. அவளைக் கேட்பார் இல்லாமல் போனதற்கு நானும் ஒரு காரணம். முக்கியமான காரணம் பேராசிரியர். இன்னும் முக்கியமான காரணம் நான்தான் என்று அந்த அம்மாள் சொல்கிறார்.

உங்கள் கடையில் வியாபாரம் பெருகவும், ஊரார் கண்ணெல்லாம் தெளிவாகத் தெரியவும், அக்காவின் இடுப்புவலி தீரவும் வேண்டிக்கொண்டு முடிக்கும்,

தங்கள் சொல்லைத் தட்டாத (இந்த ஒருமுறை தவிர) மைத்துனன்,
இயக்குநர், மாணவர் வெற்றி மையம்.

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்காமல் பையிலேயே வைத்து மறந்துவிட்டேன். அதற்குள் துணைவேந்தர் வந்து போய்விட்டார். படிக்கட்டில் பிள்ளைகள் படிப்பதைப் பார்த்து, அது என் திட்டம் என்று நினைத்து என் முதுகில் தட்டிக்கொடுத்தார். இல்லை என்று சொல்ல நான் வாய் திறந்தேன். அவரும் உங்களைப் போலத்தான், நடுவில் பேசுகிறவர். இப்போது அது 'படிக்கட்டு வெற்றித் திட்டம்'. படிக்குப் படி மெத்தை போட்டு, மெத்தைக்குப் பாலித்தீன் உறையும் போட்டாயிற்று. வருகிறவர்கள் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கவேண்டும். மேற்பார்வைக்கு அந்த அம்மாள். இரண்டே நாளில் ஒரு பிள்ளை கிடையாது. ஆகவே மேலே 'என் நேரடிக் கண்காணிப்பில்', 'என் மேற்பார்வை' என்று வரும் இடங்களையெல்லாம் அடித்துவிட்டு வாசிக்கவும். மறுதேர்வில் பாப்பா தேறிவிட்டாள். பெரிய மதிப்பெண் இல்லை, ஆனால் தாள் வெள்ளையாக இல்லை. தினமும் மத்தியானம் எங்கேயோ போகிறாள். நேற்று ராத்திரி சாப்பிடும்போது, "இப்ப எங்கம்மா உக்காந்து படிக்கறீங்க?" என்று கேட்டேன்.

"சொன்னா அங்கயும் வந்து போர்டு மாட்டிடுவீங்க மாமா" என்றாள். அவள் விரல் நுனியெல்லாம் சாக்பீஸ் தூள். கையைக் கழுவிவிட்டு வந்து சாப்பிடச் சொன்னேன், அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. அத்தான், நீங்களும் கேட்காதீர்கள்.