மோரும் போதும்

கெமிஸ்ட்ரி படித்தவர்கள் கல்லூரி ஆய்வகத்தில் எதையாவது வெடிக்க வைப்பது சகஜம். நான் ஐந்து வருஷத்தில் ஒரு சோதனைக்குழாயைக்கூட உடைத்ததில்லை. அதற்கெல்லாம் சேர்த்துவைத்து, புதுப்பட்டினத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தபடியே கலிபோர்னியாவில் ஒரு சமையலறையைப் பொங்க வைத்தவள் நான். எப்படிப் பொங்கியது என்று எனக்கே மூன்று நாள் விளங்கவில்லை.

வீடுகளுக்கு பிராட்பேண்ட் வர ஆரம்பித்திருந்த சமயம் அது. எம்.எஸ்ஸி முடித்து இரண்டு வருஷமாக வீட்டில் இருந்தேன். (“எம்.எஸ்ஸி படிச்சிட்டு சும்மா கீது” என்று பக்கத்து வீட்டு அக்கா யாரிடம் சொன்னாலும் எனக்குக் கேட்கும்படிதான் சொல்வார்.) மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட்டில் வரவேற்பு வேலைக்கு அப்பா சொல்லிவைத்திருந்தார். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, வருகிறவர்கள் கழுத்தில் சிப்பி மாலை போட வேண்டும். பீரியாடிக் டேபிளை மனப்பாடம் செய்தது இதற்குத்தானா என்று நான் நொந்துபோயிருந்தபோது செங்கல்பட்டிலிருந்து அழைப்பு வந்தது.

ஸ்டேஷன் பக்கத்தில், ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் ஆபீஸ். அமெரிக்கப் பிள்ளைகளுக்கு இன்டர்நெட்டில் தனித்தனியாகப் பாடம் சொல்லித்தர வேண்டும். முகம் தெரியாது. காதை முழுக்க மூடும் ஹெட்செட்டில் குரல், திரையில் எழுத ஒரு பலகை, அவ்வளவுதான். வீட்டிலிருந்தே செய்யலாம். சோதனைக்கு ஒரு பையனுக்கு மூன்று வகுப்பு. மூன்றாவது முடிந்ததும் பையனின் அம்மா நல்லபடியாக எழுதினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் சிப்பி மாலை.

மேனேஜர் சேகர் சார் ஒன்றை மட்டும் மூன்று தரம் கேட்டார். “வூட்ல தனி ரூம் கீதுல்லம்மா? பின்னாடி சத்தமே வரக்கூடாது.”

இருக்கிறது என்று மூன்று தரமும் சொன்னேன். டெலிபோன் ஒயர் எங்கள் கூடத்தைத் தாண்டி வராது. அதனால் கம்ப்யூட்டருக்கும் அப்பா சாப்பிட உட்காரும் இடத்துக்கும் நடுவே அம்மாவின் பழைய வாயில் புடவையைக் கட்டித் தொங்கவிட்டேன். தனி ரூம் தயார்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பஸ்ஸில் முப்பது வருஷம் கண்டக்டர். விசிலும் இன்ஜினும் சேர்ந்து அவர் காதைப் பாதி தின்றுவிட்டிருந்தன. அவரிடம் எதையும் நாலு தரம் கத்திச் சொல்ல வேண்டும். அவர் பதில் சொன்னால் கடைசி சீட்டுக்குக் கேட்கும்படிதான் சொல்வார். எந்தப் பேச்சையும் ‘ரைட்’ என்று முடித்தால்தான் அவருக்கு வண்டி நகரும்.

முதல் இரண்டு வகுப்பும் காலை ஆறு மணிக்கு. அப்பா அந்நேரம் கடற்கரையில் நடந்துகொண்டிருப்பார் என்பதால் தப்பித்தேன். மூன்றாவது அன்று பையனுக்கு ஏதோ விளையாட்டுப் பயிற்சி, வகுப்பு ஏழரைக்குத் தள்ளிப்போனது. அது அப்பா பழைய சோறு சாப்பிடும் நேரம்.

பையன் பெயர் டைலர். பதினைந்து வயது, சாது. அன்று பாடம் ‘லிமிட்டிங் ரீஏஜென்ட்’. இரண்டு பொருள் சேர்ந்து வினை நடக்கும்போது எது முதலில் தீர்ந்துபோகிறதோ, அத்தோடு வினை நின்றுவிடும். அந்தப் பொருளுக்குத்தான் அந்தப் பெயர். வெறுமனே சொன்னால் போரடிக்குமே என்று, செய்து பார்க்கச் சொன்னேன். (வேண்டாத வேலை.) அவன் சமையலறையில் ஒரு ஜாடியில் கொஞ்சம் வினிகர். பக்கத்தில் ஒரு கிண்ணம் நிறைய ஆப்ப சோடா, இன்னொரு கிண்ணம் நிறைய வினிகர். நான் சொல்லச் சொல்ல ஒவ்வொரு ஸ்பூனாகச் சோடாவை ஜாடியில் போட வேண்டும்.

ஒரு ஸ்பூன் போடச் சொன்னேன். போட்டான், நுரைத்தது. இரு, சமன்பாட்டை எழுதுகிறேன் என்று பலகையில் எழுத ஆரம்பித்தேன்.

“ஓகே” என்றான் டைலர். கொஞ்ச நேரத்தில் மறுபடி “ஓகே.” அப்புறம், நிச்சயமாகவா என்று ஆங்கிலத்தில் கேட்டான். சமன்பாட்டைத்தான் சந்தேகப்படுகிறான் என்று எனக்கு ரோஷம் வந்தது. நூறு சதவீதம் நிச்சயம் என்றேன். அடுத்து, “போத்?” என்றான். இரண்டுமா என்று கேட்கிறான். அணுக்களை இரண்டு பக்கமும் சமமாக்க வேண்டுமா என்கிறானாக்கும். என்ன அருமையான கேள்வி. “யெஸ், யெஸ், போத்” என்று பெருமையாகச் சொன்னேன்.

புஸ்ஸென்று ஒரு சத்தம். யாரோ ஒரு பெண் அலறினார். லைன் அறுந்துபோயிற்று.

ஹெட்செட்டைக் கழற்றினேன். வீடு நிசப்தமாக இருந்தது. அப்பா கை கழுவிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் சேகர் சார் கூப்பிட்டு அனுப்பினார். திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை பஸ்ஸில் அழுதேன். ஒரு ஸ்பூன் சோடா எப்படி அலற வைக்கும்? எத்தனை தரம் கணக்குப் போட்டாலும் வரவில்லை. படித்ததெல்லாமே தப்போ என்றுகூடத் தோன்றிவிட்டது.

சார் மேஜைமேல் டைலரின் அம்மா எழுதிய கடிதம் இருந்தது. மென்மையாகப் பேசும் டீச்சர்மேல் குறையில்லையாம். ஆனால் இன்னும் போடு, இன்னும் போடு என்று மிரட்டிய அந்தப் பெண்மணி யார்? இரண்டையும் கொட்டு என்று உத்தரவு போட்ட அந்த ஆண் யார்? கம்ப்யூட்டர் கீபோர்டு நுரையில் நனைந்துவிட்டது என்றும் எழுதியிருந்தார்.

“இன்னாம்மா இது, மூணு பேரா சேந்து பாடம் எடுத்துகினு இருந்தீங்களா?” என்றார் சார்.

வகுப்பில் நான் ஒருத்திதான் என்று சத்தியம் செய்தேன். அவர் அன்றைய வகுப்பின் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினார். என் குரலுக்குப் பின்னால் ஒரு பெண் குரல், தெள்ளத்தெளிவாக, “மோர்.” கொஞ்சம் இடைவெளி. “மோர்! மோர்!” அதன்பின் பஸ் ஸ்டாண்டே அதிரும்படி ஓர் ஆண் குரல்: “போத்தெம், போத்தெம்! ரைட்!”

நானும் சாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் வீட்டில் யாருக்கும் இங்கிலீஷே தெரியாது என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கே பயமாக இருந்தது. மறுபடி போட்டார். மோர், மோர், போத்தெம். மூன்றாவது தரம் நிறுத்த மறந்துவிட்டார். பதிவு மேலே ஓடியது. அதே பெண் குரல் சொன்னது: “சரி, ஊறுகாயாவது வெக்கட்டுமா?”

சார் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“மோரு” என்றார்.

“போதும்” என்றேன்.

தனி ரூம் எத்தனை முழம் என்று மட்டும் கேட்டார். ஆறு கெஜம் என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். திட்டவில்லை; அமெரிக்காவுக்கு விளக்கக் கடிதத்தை நீயே எழுது என்றார். எழுதினேன். ‘என் அம்மா என் அப்பாவுக்கு மோர் ஊற்றவந்தார். அப்பா மறுத்துவிட்டார். காதை மூடிய ஹெட்செட்டால் எனக்கு எதுவும் கேட்கவில்லை’ என்பதை ஆங்கிலத்தில் எழுத அரைநாள் ஆனது. எழுதி முடித்ததும் வேலை போய்விட்டது என்றே முடிவுகட்டினேன். வீட்டுக்குப் போய் பட்டுப்புடவையைக்கூட எடுத்து வெளியே வைத்தேன்.

பதில் இரண்டு வரியில் வந்தது. பள்ளித் தேர்வில் அந்தப் பாடத்தை டைலர் மட்டும்தான் சரியாக எழுதினானாம். இனிமேலும் அவனுக்கு அதே டீச்சர்கள் வேண்டும், மூன்று பேரும்.

வேலை நிரந்தரமானது. அப்பாவிடம் நடந்ததை நாலு தரம் கத்திச் சொன்னேன். அன்றிலிருந்து சாப்பாட்டில் அவர் ‘போதும்’ என்று வாய்விட்டுச் சொன்னதே இல்லை.

என் கல்யாணப் பந்தியில் மோர் வாளியோடு வந்தவர் அப்பாவின் இலைமுன் குனிந்து “மோரு?” என்றார். அப்பா வாயை இறுக மூடிக்கொண்டு, இரண்டு கையையும் விரித்து இலையை மூடினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் புது வீட்டுக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு கை போதாதா, எதுக்கு மாமா ரெண்டு கையும் என்று கேட்டார்.

எதிர்ப்பந்தியிலிருந்து அம்மா பதில் சொன்னார். “போத்தெம், மாப்ளே.”

அப்பாவுக்கு அது மட்டும் முதல் தரத்திலேயே கேட்டுவிட்டது.

“ரைட்” என்றார்.