உங்கள் காது மட்டும் தெரிகிறது

மதிப்பிற்கும் அன்பிற்கும் உரிய மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். முதலில் நலம் விசாரிப்பதுதான் முறை. ஆனால் இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகு உங்கள் நலம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாததால், அதைக் கடைசியில் விசாரிக்கிறேன். எனக்கு முழங்கால் வலி மட்டும்தான். அது உங்கள் அக்கா இருந்தபோதே இருந்தது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து அந்தப் புகைப்படத்தை வாங்கிக்கொள்வதாகப் போனில் சொன்னீர்கள். "அத்தான், எடுத்து வெளியே வையுங்க, அப்புறம் தேடிக்கிட்டு நிக்காதீங்க" என்றீர்கள். "நான் எதையும் தேடறவன் இல்லை மச்சான்" என்று நானும் கொஞ்சம் திமிராகவே பதில் சொன்னேன். நீங்களும் உங்கள் அக்காவும் சிறுபிள்ளைகளாகச் சுவரோரம் நிற்கிற படம். அவளுக்கு ஒன்பது வயது, உங்களுக்கு ஆறு. உங்கள் வீட்டுப் படங்களெல்லாம் வெள்ளத்தில் போனபின் மிஞ்சியது அது ஒன்றுதான் என்பதும், அவள் போன மறுமாதம், பிரதி எடுத்துக்கொண்டு திருப்பித் தருகிறேன் என்று சொல்லி நான் அதை வாங்கி வந்தேன் என்பதும், கொடுக்கும்போது நீங்கள் கையை ஒரு முறை பின்னால் இழுத்துக்கொண்டீர்கள் என்பதும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். அதற்கு முன் கொஞ்சம் சுற்றி வளைக்க வேண்டியிருக்கிறது.

நான் நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று என் மகள் என்னை ஒரு வகுப்பில் சேர்த்துவிட்டாள். சைக்கிள் கடைக்கு மேலே மாடி அறை. ஆர்ட் ஜர்னல் என்று பெயர். தடித்த நோட்டு ஒன்றில் பழைய தாள், துணி, நூல், பஸ் டிக்கெட், எது கிடைத்தாலும் ஒட்டி, அதன்மேல் வண்ணம் பூசி, நடுவில் மனதில் தோன்றியதை எழுத வேண்டும். மனதில் தோன்றியதைச் செய்கிற பழக்கம் எனக்கு இல்லை. ஆயுள் முழுக்கக் குடிநீர் அலுவலகத்தில் குழாய் வரைபடம் வரைந்தவன் நான். தோன்றிய இடத்திலெல்லாம் குழாய் வரைந்திருந்தால் ஊரில் பாதிப்பேருக்குத் தொண்டை நனைந்திருக்காது. ஆகவே முதல் பக்கத்துக்கு வீட்டிலேயே ஒரு மாதிரிப் படம் வரைந்து எடுத்துக்கொண்டு போனேன். டீச்சருக்கு என் மகள் வயதுதான் இருக்கும், முடியில் எப்போதும் கொஞ்சம் மஞ்சள் பெயிண்ட். அவர் என் நோட்டைக் குனிந்து பார்த்தார். "என்ன சார் இது, பெயிண்ட் கறை எங்க விழணும்னு பென்சில்ல வட்டம் போட்டு வச்சிருக்கீங்க?" என்றார். "விழுந்ததும் பென்சிலை அழிச்சிடுவேம்மா" என்றேன். தாளைக் கத்தரிக்காதீர்கள், கையால் கிழியுங்கள், ஓரம் பிசிறாக இருந்தால்தான் அழகு என்றார். கிழித்தேன். அடியில் ஸ்கேல் வைத்துக்கொண்டு கிழித்ததை அவர் பார்த்துவிட்டார். ஸ்கேலை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதன்பிறகு கொஞ்சம் தேறினேன் என்றே சொல்லலாம். உங்கள் அக்காவின் மாத்திரை அட்டைகள் ஒரு டிராயர் நிறைய இருந்தன. கடையில் காட்டி அதே மாத்திரையைச் சரியாக வாங்க வேண்டுமே என்று தீர்ந்த அட்டையைக்கூட நான் எறிந்ததில்லை. அந்த அட்டையில் நீல வண்ணம் தடவித் தாளில் அழுத்தினால் வரிசை வரிசையாகச் சின்ன வட்டங்கள் விழுகின்றன. ஒரு பக்கம் முழுக்க அப்படிச் செய்தேன். எனக்குப் பக்கத்து நாற்காலி ஓய்வு பெற்ற பல் டாக்டருக்கு. அவர் எட்டிப் பார்த்து, "மழை மாதிரியே இருக்கு சார், எப்படிப் பிடிச்சீங்க?" என்றார். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு, "ஆமாம், மழைதான்" என்று சொல்லிவிட்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் டீச்சர் ஒரு புதுப் பாணியைச் சொல்லிக்கொடுத்தார். ஒரு படத்தை ஒட்ட வேண்டும். அதன்மேல் கெட்டியான வெள்ளைப் பூச்சைத் தடவி முழுவதும் மறைத்துவிட வேண்டும். காய்ந்த பிறகு உப்புத்தாளால் மெல்லத் தேய்த்துக்கொண்டே வந்தால் படம் அங்கங்கே மேலே எழும்பி வரும். "எது வருதோ அதுதான் படம். நீங்க தீர்மானிக்காதீங்க, அதுவா வரட்டும்" என்றார். வேண்டியதை ஏன் முதலில் மறைக்க வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. கேட்கவும் கூச்சமாக இருந்தது. நான் உங்கள் இருவர் படத்தின் நகல்களை நீல மையால் 'நகல்' என்று எழுதிய உறையிலும், அசலைச் சிவப்பு மையால் 'அசல்' என்று எழுதிய உறையிலும் போட்டு, ஒப்பிட்டுப் பார்க்க இருக்கட்டுமே என்று இரண்டையும் வகுப்புக்குக் கொண்டுபோயிருந்தேன். இரண்டையும் வெளியே எடுத்து வைத்திருக்கிற நேரம் பார்த்து மகள் போன் செய்து, "சாப்பிட்டீங்களாப்பா, என்ன சாப்பிட்டீங்க, பொய் சொல்லாதீங்க" என்று கேட்க, நான் பொய் சொல்லிக்கொண்டே கண்ணாடியைக் கழற்றித் துடைக்க, துடைத்த துணியில் பசை இருந்திருக்க, கண்ணாடி முழுக்க மூடுபனியாகிவிட, அந்த அரைக்குருட்டு நிலையில் படங்களை உறை மாற்றிப் போட்டு, நகல் என்று நினைத்து அசலை ஒட்டி, அதன்மேல் வெள்ளையையும் பூசிவிட்டேன். கண்ணாடியைக் கழுவி மாட்டிக்கொண்டு பார்த்தபோது மேஜைமேல் இருந்தவை எல்லாமே நகல்.

டீச்சர் ஓடிவந்தார். "சார், இந்தப் பசை ஒட்டினா ஒட்டினதுதான். உரிச்சா படம்தான் உரியும்" என்றார். ஈரத்துணி வைத்துப் பார்த்தோம். முடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டினோம். அசையவில்லை. சுரண்டி எடுப்பதைத் தவிர வழியில்லை என்றானதும், உப்புத்தாள் முரடு என்று சொல்லி, பல் டாக்டர் தன் பையிலிருந்து பல்லில் காரை எடுக்கிற கொக்கி ஊசியை எடுத்து நீட்டினார். ஓய்வு பெற்றும் அதை ஏன் சுமந்துகொண்டு திரிகிறார் என்று தெரியவில்லை. "ஈறுன்னு நெனச்சுக்குங்க சார். வெள்ளைதான் வரணும், சதை வரக்கூடாது" என்றார். அவர்கள் இருவரும் குனிந்து பார்க்க, நான் சுரண்டத் தொடங்கினேன். முதலில் ஒரு பின்னல் வந்தது. பிறகு நெற்றி, கண், சிரிப்பு. உங்கள் அக்கா முழுசாக வந்துவிட்டாள், ஒரு கீறல் இல்லை. உங்கள் பக்கம் வரும்போது கை ஓய்ந்துவிட்டது. இப்போதைக்கு உங்கள் காது மட்டும் தெரிகிறது. இடது காது. மிகவும் தெளிவாக வந்திருக்கிறது.

எந்த வார்த்தையால் மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை. நகல்களைத் தபாலில் அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை இவ்வளவு தூரம் வந்து சிரமப்பட வேண்டாம்.

உங்கள் நலத்தை இப்போது விசாரிக்கிறேன். வீட்டில் தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. மூத்தவன் என்ற முறையில் எல்லோரும் குறைவின்றி இருக்க ஆசி கூறுகிறேன். அந்தத் தகுதி இன்னும் என்னிடம் மிச்சமிருந்தால்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்

பின்குறிப்பு: உறை மாறியதாக மேலே எழுதியதை நம்ப வேண்டாம். என் கையில் உறை மாறாது என்பது உங்களுக்கே தெரியும். மகள் போன் செய்தது உண்மை. கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது. நகலில் அவள் கண் இருந்த இடத்தில் இரண்டு கறுப்புத் தீற்றல்தான் விழுந்திருந்தது. அதை ஒட்ட மனசு வரவில்லை. அசலைத்தான் எடுத்தேன், தெரிந்தேதான் பசை தடவினேன். ஒட்டிவிட்டால் நீங்கள் கொண்டுபோக முடியாதே. உங்கள் பக்கத்தைச் சுரண்டாமல் விட்டதும் கை ஓய்ந்து அல்ல. ஒன்பது வயசுல அவளை நீங்க பார்த்திருக்கீங்க மச்சான், நான் பார்த்ததில்லை. பொறாமைதான், வேற என்ன. இந்த வயசுல சொல்லவே வெட்கமா இருக்கு. தபாலுக்குக் காத்திருக்காதீங்க, ஞாயிற்றுக்கிழமை வந்துடுங்க. படத்தில் அவள் கேமராவைப் பார்க்கவில்லை. பக்கத்தில் எதையோ பார்த்துச் சிரிக்கிறாள். அங்கே என்ன இருந்தது என்று இத்தனை வருஷத்தில் நான் அவளிடம் கேட்கவே இல்லை. சொல்ல இனி நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்கள். அதை மட்டும் சொல்லிவிட்டு, நோட்டோடு எடுத்துக்கொண்டு போங்கள்.