ஏர்போர்ட் மிஸ்ஸும் ஹெட்மாஸ்டரின் துடைப்பமும்

உலகத்தையே மடித்து சூட்கேஸில் கொண்டுவரக்கூடிய ஒரே பிறவி எங்கள் ஏர்போர்ட் மிஸ்தான். பொம்மனஹள்ளியில் நான் வேலை பார்க்கும் பள்ளியில் ஆறு முதல் எட்டு வரை சமூக அறிவியல் எடுப்பவர். கஸ்டம்ஸ்காரர்கள் இதுவரை பிடிக்காததற்குக் காரணம், அவர் கடத்திவருவதெல்லாம் யோசனைகள்.

ஆசிரியர் பரிமாற்றத்தில் ஜப்பான் போயிருந்தார். ஒரு மதியம் நாங்கள் டிபன் பாக்ஸைத் திறந்த நேரத்தில் அவருடைய வாய்ஸ் மெசேஜ் வந்து விழுந்தது. "ஏ, கேளுங்கப்பா! இங்க பசங்களே கிளாஸைப் பெருக்குறாங்க! ஹெட்மாஸ்டர் மண்டி போட்டு மாடிப்படி துடைக்கிறாரு! எனக்கு ஐடியா வந்திருச்சு!"

எங்கள் ஹெட்மாஸ்டர் சாம்பார் சாதத்தை அப்படியே மூடினார். "அய்யோ, பேடா, பேடா!" என்றார். வேண்டாம் என்பதை அவர் கன்னடத்தில் சொன்னால் நிஜமாகவே பயந்துவிட்டார் என்று பொருள்.

எந்தப் பாடமானாலும் மிஸ் ஏர்போர்ட்டில்தான் தொடங்குவார். "நான் இறங்கி வெளிய வர்றேன், செம குளிரு..." என்று ஆரம்பித்தால் முகலாயர்கள் வருவதற்குள் மணி அடித்துவிடும். அவருடைய அப்பா பீன்யா தொழிற்பேட்டையில் லேத் ஓட்டியவர். அந்த வீட்டில் ஓசூரைத் தாண்டுவதே வெளிநாட்டுப் பயணம். அதனால் விமானத்தில் ஜன்னல் சீட் கிடைத்ததற்குக்கூட மிஸ் இன்னும் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறார். "எனக்கு மட்டும் ஏன் கிடைக்கணும்? கிளாஸைத் தூக்கிட்டுப் போக முடியல. பாத்ததையாவது தூக்கிட்டு வரணும்ல?"

வந்திறங்கிய மறுநாளே ஏழாம் வகுப்பில் எல்லார் கையிலும் துடைப்பம். பாதிப் பேர் அதை கிரிக்கெட் மட்டையாக்கினார்கள். மீதிப் பேர் குப்பையைப் பக்கத்து செக்‌ஷனுக்கு ஏற்றுமதி செய்தார்கள். மிஸ் பூரித்துப்போய் வீடியோ எடுத்து, பெற்றோர் குரூப்பில் போட்டார்.

அங்கேதான் வந்தது வினை. மறுநாள் காலையில் அந்த வகுப்பு ஷாலினியின் அம்மா வகுப்பு வாசலில் வந்து நின்றார். அப்பார்ட்மென்ட் ஒன்றில் ஹவுஸ்கீப்பிங் வேலை, யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை.

"மிஸ், இந்தத் துடைப்பத்தை நான் புடிக்கிறதே எம் பொண்ணு புடிக்கக் கூடாதுன்னுதான். ஃபாரின் போய் இதையா கத்துக்கிட்டு வந்தீங்க? டிசி குடுங்க. வேற ஸ்கூல் பாத்துக்குறேன்."

ஷாலினி கதவோரம் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஏர்போர்ட் கதையை எத்தனை முறை சொன்னாலும் வாய் பிளந்து கேட்கிற ஒரே மாணவி அவள்தான். மிஸ்ஸுக்கு முகம் செத்துவிட்டது.

"நீங்க சொல்றது சரிதாங்க்கா," என்றார் மெதுவாக. "அங்க ஹெட்மாஸ்டரும் சேர்ந்து துடைச்சாரு. நான் இங்க புள்ளைங்க கையில மட்டும் குடுத்துட்டேன். பாதியை அங்கேயே விட்டுட்டு வந்திருக்கேன்." பிறகு, சத்தம் கேட்டு வந்து நின்ற ஹெட்மாஸ்டர் பக்கம் திரும்பினார். "சார்?"

"நானா? மேடம், எனக்கு முதுகுவலி!"

"குனிய வேணாம் சார். நீளக் குச்சி வெச்சது இருக்கு."

மிஸ் ஒரு மூலையிலிருந்து, சார் எதிர் மூலையிலிருந்து பெருக்கினார்கள். சார் ஃபேனை நிறுத்த மறந்துவிட்டார். பெருக்கிய தூசியெல்லாம் அவருடைய மீசைக்கே திரும்பி வந்தது. வகுப்பு கைதட்டியது. ஷாலினியின் அம்மா யூனிஃபார்ம் கோட்டின் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"சரி மிஸ். சார் பெருக்குற வரைக்கும் எம் பொண்ணும் பெருக்கட்டும். சார் விட்ட அன்னைக்கு டிசி."

"டெய்லியா?" என்றார் சார், பரிதாபமாக.

"டெய்லிதான் சார்," என்றாள் ஷாலினி, அவசர அவசரமாக.

இன்றும் பெருக்குகிறார். ஒருமுறை ஆய்வுக்கு வந்த அதிகாரி அவரிடமே, "ஹெட்மாஸ்டர் எங்கப்பா?" என்று கேட்டார். "கை கழுவிட்டு வந்துடுவாரு சார்" என்று பதில் வந்தது.

மிஸ் இப்போது ஃபின்லாந்து போய்த் திரும்பியிருக்கிறார். அங்கே பனி கொட்டினாலும் ஒவ்வொரு பீரியடுக்குப் பிறகும் பிள்ளைகளை வெளியே விளையாட விடுகிறார்களாம். எங்கள் பள்ளிக்கு மைதானமே கிடையாது. இருப்பதெல்லாம் மொட்டை மாடியும் தண்ணீர் டேங்க்கும்தான். வருகிற திங்கட்கிழமை அங்கே ஆரம்பம். "இந்தத் தடவை முதல்ல நாம ஓடிப் பாக்கணும். யாரு வர்றீங்க?" என்று ஸ்டாஃப் ரூமில் கேட்டார்.

நான் சட்டென்று கையைத் தூக்கினேன். திரும்பிப் பார்த்தால், எனக்கு முன்பே ஹெட்மாஸ்டரின் கை மேலே இருந்தது.