மின்விசிறிகளுக்கு வணக்கம் சொன்ன காது அண்ணாச்சி

செத்துப்போன கம்பெனிகளிடம் நலம் விசாரித்த வக்கீல் இந்தத் தில்லியிலேயே ஒருவர்தான். அவர் எங்கள் காது அண்ணாச்சி. கடனில் மூழ்கிய கம்பெனியைப் பழைய இரும்புக்கடைக்குப் போகவிடாமல், காப்பாற்றச் சொல்லித் தீர்ப்பாயத்தில் மீட்பு மனு போடுவது அவர் தொழில். மனு எழுதுமுன் தொழிற்சாலைக்கே போய், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரில் காதை வைப்பார். "உசுரு கெடக்கு" என்றால் கேஸை எடுப்பார். ஒருமுறை சுவர் என்று நினைத்து ஓடுகிற ஜெனரேட்டர் பெட்டியில் காதை வைத்துவிட்டு, அன்று முழுக்க எல்லோரையும் "என்ன? என்ன?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் முனிர்காவில் அறை எடுத்துத் தங்கியிருந்த அவருடைய ஜூனியர். மே மாத வெயிலில் ஓக்லா தொழிற்பேட்டையின் சிமெண்டுத் தரையில் நானும் வெறுங்காலோடு நடக்க வேண்டும்.

ஓக்லாவில் ஒரு மின்விசிறிக் கம்பெனி. மனுப் போட்ட முதலாளி, ஆலை நடக்கிறது, சோதனைக் கூடத்தில் மின்விசிறிகள் சுற்றுகின்றன என்று சத்தியம் செய்திருந்தார். கடன் கொடுத்த வங்கியோ கரண்ட்டை வெட்டி வெகுகாலம் ஆயிற்று, ஆலை செத்துவிட்டது என்று எதிர்ச்சத்தியம் செய்தது. எது உண்மை என்று சாட்சி வைத்து விசாரிக்கத் தொடங்கினால் வருடங்கள் ஓடும். அதற்குள் கம்பெனி நிஜமாகவே செத்துவிடும்.

நாங்கள் பார்க்கப் போனோம். காவலாளி சோதனைக் கூடத்தின் பூட்டைத் திறந்துவிட்டு, உள்ளே வரமாட்டேன் என்று இந்தியில் சொல்லி வெளியிலேயே நின்றுகொண்டார். கண்ணாடி ஜன்னல்கள் எல்லாம் மூடியிருந்தன. இலை அசையாத புழுக்கம். தலைக்கு மேலே வரிசை வரிசையாக மின்விசிறிகள் தூசி படிந்து தொங்கின. அண்ணாச்சி நடக்க நடக்க, அவர் தலைக்கு மேலிருந்த மின்விசிறி மட்டும் மெல்லச் சுற்றியது. அவர் தாண்டியதும் அது நின்று அடுத்தது சுற்றியது. எனக்கு வேர்வையெல்லாம் குளிர்ந்துபோனது. அண்ணாச்சி அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டார்.

"நல்லாருக்கியளா?" என்று கேட்டார்.

திரும்பும்போது ஆட்டோவில், கண்ணால் பார்த்ததை மனுவில் எழுதலாமே என்றேன்.

"ஏல, பொய்ய எழுதுனா எதிராளி மறுப்பான். இத எழுதுனா ஜட்ஜே நம்மள ஆஸ்பத்திரிக்கு அனுப்பிருவாரு" என்றார்.

மின்விசிறி சுற்றும் பேச்சையே மனுவிலிருந்து எடுத்துவிட்டார். மிச்சம் என்ன இருக்கிறது என்று முதலாளி குதித்தார். அண்ணாச்சி வங்கியின் பதில் மனுவை முறுக்குக் கடிப்பதுபோல் ரசித்து ரசித்துப் படித்தார். அதில் வங்கி ஒரு புகாரும் சொல்லியிருந்தது. மூடிய ஆலைக்குள் தொழிலாளிகள் தினமும் காலையில் அத்துமீறி நுழைந்து, மெஷின்களுக்கு எண்ணெய் போட்டு, டிபன் சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம்தான் போகிறார்கள், போலீஸ் காவல் வேண்டும் என்று.

தீர்ப்பாயத்தில் அண்ணாச்சி அதையே எடுத்துப் படித்தார். சம்பளமில்லாமல் ஆட்கள் வேலைக்கு வருகிற கம்பெனியை எப்படிச் செத்தது என்று சொல்வது, இதில் தகராறே இல்லையே, வங்கியே சத்தியம் செய்திருக்கிறதே என்றார். வங்கி வக்கீல் தன் காகிதக் கட்டிலேயே அந்தப் பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தார். மனு ஏற்கப்பட்டது. கம்பெனி பிழைத்தது.

நன்றி சொல்ல வந்த தொழிலாளிகளில் சேலத்துக்காரர் ஒருவர் இருந்தார். மின்விசிறியைச் சுற்றவிட்டது நீங்கள்தானே என்று அண்ணாச்சி விசாரித்தார். சேலத்துக்காரர் இரண்டு கையையும் ஆட்டி மறுத்தார்.

"இல்லீங்க. அந்த ஹாலுக்குள்ள நாங்க காலே வைக்கிறதில்லீங்க. வெளிய இருந்து பாப்போம். கரண்ட்டே இல்லாம அது சுத்துது, நாம எப்படி வராம இருக்கறதுன்னுதாங்க தினமும் வந்தோம்."

அண்ணாச்சி செருப்பைக் கழற்றிவிட்டு அவர்களைக் கும்பிட்டார்.

அண்ணாச்சி போய்ச் சேர்ந்துவிட்டார். அவரைப்போல ஒரு மனிதரை நான் அப்புறம் பார்க்கவில்லை. கம்பெனி அவருக்குக் கொடுத்த மின்விசிறி இப்போது என் ஆபீசில் தொங்குகிறது. மே மாதத்தில் கரண்ட் போனால் மற்றதெல்லாம் நின்றுவிடும், அது மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். பார்த்தேன் என்று எங்கேயும் சத்தியம் செய்ய மாட்டேன். செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, "வாங்க அண்ணாச்சி" என்பேன்.