முகப்புப் பக்கத்தில் நான் கொன்ற மாமனார்

பிறருக்கு உதவுகிறேன் என்று கிளம்புகிறவர்களைப் பார்த்தால் கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்கள். அனுபவத்தில் சொல்கிறேன். கிளம்பியவள் நான்தான்.

பல பேர் கூடித் தங்கள் வம்சாவளியை எழுதிவைக்கும் ஓர் இணையதளத்தில் நான் தன்னார்வலர். (சம்பளம் கிடையாது. அதனால் வேலையைவிட்டுத் தூக்கவும் வழியில்லை.) மாதம் ஒரு நல்ல பக்கத்தைத் தேர்ந்தெடுத்து முகப்பில் போடுவது என் பொறுப்பு. கண்டிப்பான விதி ஒன்று: உயிரோடு இருப்பவரின் பக்கத்தை ஏற்றக் கூடாது.

அந்த மாதம் கண்ணில் பட்டது ஏகாம்பரம் என்ற பழவேற்காட்டு மீனவரின் பக்கம். எழுதியவர் அவருடைய அக்கா மகள். முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து அவர் நீந்தி வந்த கதையைப் படித்தபோது எனக்கே மூச்சு வாங்கியது. கூடவே அவருடைய இளவயதுப் படம். கடைசி வரி இப்படி முடிந்தது: 'முழங்கால் வலி முற்றியதும் ஏகாம்பரம் கரையேறினார்.'

நான் திருப்பாலைவனத்தில் நெல் விளைவிக்கிற வீட்டுப் பெண். எங்கள் கோயிலில் கதை சொல்ல வருகிறவர்கள் கரையேறுவது என்றால் பிறவிக் கடலைத் தாண்டுவது என்பார்கள். முழங்கால் வலியில் யாராவது சாவார்களா என்று நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. மறைவு என்ற கட்டத்தில், தேதி தெரியாததால் அன்றைய தேதியையே போட்டு, படத்துக்கு மாலையும் விளக்கும் போட்டு, 'அன்னாரின் ஆன்மா சாந்தியடைக' என்று என் பங்குக்கு ஒரு வரியும் சேர்த்து முகப்பில் ஏற்றினேன்.

அவசரத்துக்குக் காரணம் சேகர். மீஞ்சூரில் என்னோடு வேலை பார்த்தவர், பழவேற்காட்டு ஏரிக்கரைக்காரர். மறுநாள் காலை அவர்கள் வீட்டுக்குக் கல்யாணப் பேச்சுக்குப் போகிறோம். முகப்பில் அவர்கள் ஊர்க்காரர் இருந்தால் பெருமையாக இருக்குமே என்பது என் கணக்கு. சேகர் தன் அப்பாவை நைனா என்றுதான் சொல்வார். அந்த நைனாவுக்கு ஒரு பெயரும் இருக்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. என் அப்பாவோ இந்தக் காதலே பிடிக்காமல் எதையும் விசாரிக்கவில்லை. "ஒரே ஒரு தடவ வரேன். சகுனம் சரியில்லன்னா இந்தப் பேச்ச அதோட உட்டுடணும்" என்று மட்டும் சொல்லியிருந்தார்.

மறுநாள் அப்பா, அம்மா, நான், பழத்தட்டு. (பெண் போகக் கூடாதுதான். ஆனால் விட்டால் அப்பா பாதி வழியில் திரும்பிவிடுவார்.) சேகர் வீட்டுத் தெருவில் ஆட்டோவிலிருந்து இறங்கினோம். எங்களுக்கு முன்னால் ஓர் அம்மாள், கையில் பெரிய மாலையோடு, "ஐயோ தம்பீ!" என்று மாரில் அடித்துக்கொண்டு ஓடினார்.

அப்பா நின்றுவிட்டார். எதிரே வந்த பெண்ணிடம், "யாரும்மா?" என்றார்.

"ஏகாம்பரம் பூட்டாராம். ஆரம்பாக்கத்துலேந்து அவரு அக்கா வந்துக்குது. அதும் பொண்ணு கம்ப்யூட்டர்ல பாத்துதாம். போன் போட்டா இங்க யாரும் எடுக்கலியாம்."

"எந்த ஏகாம்பரம்?" என்றேன்.

"நம்ம சேகரு நைனாதான்."

அம்மா தட்டிலிருந்த பூவை முந்தானைக்குள் மறைத்தாள். "சாவு வீட்டுல சம்பந்தமா? ஏறு ஆட்டோவுல," என்றார் அப்பா. வாயைத் திறக்காவிட்டால் கல்யாணம் போச்சு. திறந்தாலும் போச்சு.

அப்போது வாசலில் ஒருவர் வந்து நின்றார். பாதி முகம் மழித்து, மீதியில் சோப்பு நுரை. "இன்னாக்கா, காலைலயே மாலயும் கையுமா?"

அந்த அம்மாள் அவரைத் தொட்டுப் பார்த்தார். கிள்ளிப் பார்த்தார். பிறகு அழுகை ஆத்திரமாக மாறியது. "உசுரோட கீறவன எந்தப் பாவி சாவடிச்சது?"

"நான்தாங்க," என்றேன்.

தெருவே திரும்பியது. சேகர் வீட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டார். (இந்த வீரத்தை நம்பித்தான் காதலித்தேன்.) "கரையேறினார்னு போட்டிருந்துச்சு... அதான்..." என்று உளறினேன்.

அவர் நுரையைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். "தொழிலுக்குப் போறத நிறுத்திட்டா கரையேறிட்டான்னுவோம். எங்களுக்குக் கரையேறாதவன்தாம்மா செத்தவன்."

அவருடைய தம்பி ஒருவர் அப்படிக் கரையேறாமலே போனவர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அன்று அது தெரியாமலே எனக்கு அழுகை வந்தது.

அதைப் பார்த்து அப்பாவின் முறுக்கெல்லாம் இறங்கிவிட்டது. கைகூப்பி, "எம்பொண்ணு பண்ணது பெரிய தப்பு. உங்களுக்குச் சம்மதம் இல்லன்னாலும்..." என்று ஆரம்பித்தார்.

"செத்தவன்கிட்ட இன்னாங்க சம்மதம் கேக்குறீங்க? நீங்களே நாள் குறிங்க. உள்ள வாங்க, காபி ஆறுது."

கல்யாணம் நடந்தது. பக்கத்தைத் திருத்தியும் தளத்துக்கு இன்னும் புத்தி வரவில்லை. வருஷா வருஷம் அந்த நாளில், 'உங்கள் அன்புக்குரியவரின் நினைவு நாள்' என்று எங்கள் எல்லோருக்கும் தகவல் வரும். வந்ததும் மாமனார் வடை, பாயசத்தோடு சமைக்கச் சொல்லி, தலைவாழை இலை போட்டு முதல் ஆளாக உட்கார்ந்துவிடுவார்.

"இருங்க மாமா, முதல்ல காக்காவுக்கு வெச்சுட்டு வந்துடறேன்," என்பேன்.

"காக்கா எதுக்கு? நான்தான் நேர்லயே வந்துக்கிறேனே, போடு!" என்பார்.